நெல்லுக்கு நான்கு மாதம், ரப்பருக்கு ஏழு ஆண்டு

குமரி மாவட்டத்தில் ஒரு பெருமழை வந்து போனால் வெளியூர்ச் செய்திகளில் அது நாலைந்து நாள் இருக்கும். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை, குழித்துறை ஆற்றில் வெள்ளம், பேச்சிப்பாறையிலிருந்து உபரிநீர் திறப்பு, தண்டவாளத்தில் மண்சரிவு. அப்புறம் வெயில் அடிக்கும், தடை நீங்கும், செய்தியும் முடிந்துவிடும். ஊருக்குள் வேலை அன்றுதான் தொடங்குகிறது. அது எத்தனை காலம் நீளும் என்பது, ஒருவர் என்ன பயிர் வைத்திருந்தார், நிலம் யார் பெயரில் இருந்தது, எந்தக் குளத்துக்குக் கீழே வீடு இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. வெள்ளத்தன்று ஊர் கூடி நிற்பதை நாம் எல்லோரும் பாராட்டுகிறோம். அந்தக் கூட்டு எத்தனை மாதம் தாங்க வேண்டியிருக்கிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

வெள்ளம் ஏன் இங்கே இவ்வளவு வேகமாக வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவமழையும் நன்றாகக் கிடைக்கும் மாவட்டம் இது. வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கே கடல், இடையில் தூரம் மிகக் குறைவு. கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகின்றன. பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களை நனைத்துக்கொண்டு சுசீந்திரம் தாண்டி மணக்குடியில் முடிகிறது. வள்ளியாறு கடியப்பட்டணத்தில். மலையில் இரவு கொட்டிய மழை விடிந்ததும் வயலுக்கு வந்துவிடும். கடல் கொந்தளித்து, ஆறு கடலில் சேரும் பொழிமுகம் அடைபட்டிருந்தால் அந்தத் தண்ணீருக்குப் போக வழி இருக்காது.

இந்த ஆறுகளுக்கு நடுவே மனிதர் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. பரளியாற்றுத் தண்ணீரைப் பாண்டியன் கால் வழியே பழையாற்றுக்குத் திருப்பிய பழைய வேலை, மூலம் திருநாள் ஆட்சியில் பொறியாளர் மின்சின் கட்டி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை, அதற்குப் பின் வந்த பெருஞ்சாணியும் சிற்றாறு அணைகளும், அனந்தனாறு, தோவாளை, பட்டணங்கால் போன்ற கால்வாய்கள், இவற்றாலும் மழையாலும் நிரம்பும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் வழியாகத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. மழை இல்லாத மாதங்களில் இந்தத் தொடர்தான் ஊருக்குச் சோறு போடுகிறது. அடைமழையில் மேலே ஒரு கரை உடைந்தால், அந்தக் குளத்தின் மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாகக் கீழ்க்குளத்தின் மேல் வந்து விழும். கீழ்க்கரையும் போகும்.

ஆகவே வெள்ளத்தின் பழியை வானத்தின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. மறுகாலில் பலகை வைத்து அடைத்தவர் யார், மீன்பாசியை, அதாவது குளத்து மீன்பிடி உரிமையை, குத்தகைக்கு எடுத்தவர் கட்டிய வலையில் குப்பை சேர்ந்து தண்ணீர் தேங்கியது எப்படி, கால்வாய்க் கரையில் வீடும் கடையும் எழுந்தது எப்போது, குளத்தை மேடாக்கிக் கட்டடம் கட்ட அனுமதி கொடுத்தது யார் என்றெல்லாம் கேட்க வேண்டும். நான்குவழிச் சாலை இந்த மாவட்டத்தின் ஏலாக்கள் எனப்படும் வயல்வெளிகளையும் குளங்களையும் ஊடறுத்துத்தான் போகிறது. நெல்வயல் வீட்டுமனையாகவும் தென்னை, வாழைத் தோட்டமாகவும் மாறி வருவதும் ஒரு காரணம். வயல் ஒரு அடி தண்ணீரைச் சில நாள் தாங்கி நிற்கும். கான்கிரீட் போட்ட மனை அதைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடும்.

கடந்த பத்தாண்டுக்குள் நடந்தவற்றில் மூன்றைச் சொன்னாலே போதும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி. இலங்கைக்கு அருகே உருவான தாழ்வு மண்டலம் ஒரு நாளுக்குள் புயலாகி, குமரிமுனைக்குத் தெற்கே கடந்து அரபிக்கடலுக்குள் போனது. குமரிக் கரையைத் தொடவே இல்லை. தொடாமலேயே ரப்பரையும் வாழையையும் சாய்த்து, ஆயிரக்கணக்கான மின்கம்பங்களை முறித்து, வயல்களை மூழ்கடித்துவிட்டுப் போனது. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2021 நவம்பர் இரண்டாவது வாரத்தில் ஆறுகளும் குளங்களும் கரை உடைத்தன. நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழை குமரியையும் விடவில்லை. ஆக, சுமார் ஆறு ஆண்டுக்குள் மூன்று அடி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ரப்பரைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி தேவைப்படும்.

முதல் சில நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதை இந்த ஊர்கள் நன்றாகவே செய்கின்றன. பள்ளிக்கூடமும் தேவாலய மண்டபமும் சமூகநலக்கூடமும் திறக்கப்படும். அண்டாவில் கஞ்சி கொதிக்கும். சாய்ந்த மரத்தை அறுத்து வழி திறக்க இளைஞர்கள் வந்துவிடுவார்கள். மலைக்கு மேலே மட்டும் நிலைமை வேறு. குற்றியாறு தரைப்பாலம் மூழ்கினால் அந்தப் பக்கத்துக் காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு யாரும் போக முடியாது. அங்கே முதல் நாள் உதவி என்பது அவர்கள் தங்களுக்குள் செய்துகொள்வதுதான்.

ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வரும் மூன்று ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்போது உதவிக்கு வந்தவர்கள் திரும்பியிருப்பார்கள். முதலாவது மண் சுவர். வெள்ளத்தில் ஊறிய சுவர் தண்ணீருக்குள் நிற்கும்போது விழாமல், வடிந்த பிறகு, வெயில் அடிக்கும்போது இடிந்து விழுவது உண்டு. வீட்டுக்குத் திரும்பியவர்கள் படுத்திருக்கும்போது இது நடக்கும். இரண்டாவது கிணறு. இங்கே வீட்டுக்கு வீடு கிணறு, பக்கத்திலேயே கழிவுநீர்த் தொட்டி. வெள்ளம் இரண்டையும் கலந்துவிடும். ஒரு வீட்டார் மட்டும் கிணற்றை இறைத்து பிளீச்சிங் பவுடர் போட்டால் பயன் கொஞ்சம்தான், நிலத்தடியில் ஊற்று ஒன்றோடொன்று கலந்தே ஓடுகிறது. தெரு முழுவதும் சேர்ந்து, ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டு, வரிசையாக இறைக்க வேண்டும். மூன்றாவது எலிக்காய்ச்சல். சேற்றில் நின்று வேலை செய்தவருக்குப் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். வெள்ளத்தில் நின்றதையும் காய்ச்சலையும் சேர்த்து யோசிக்க ஆள் இல்லாமல் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுவார்கள். காலில் புண் உள்ளவர் சேற்றில் இறங்க வேண்டாம், இறங்கியே ஆக வேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, நெல்லுக்கு வருவோம். ஊர் கூடுவது என்றால் என்ன என்பதை நெல் காட்டுகிற அளவுக்கு வேறெதுவும் காட்டாது.

நாஞ்சில் நாட்டில் இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. பேச்சிப்பாறையில் வழக்கமாக ஜூன் 1 அன்று கன்னிப்பூவுக்குத் தண்ணீர் திறந்து, பிப்ரவரி 28இல் கும்பப்பூ முடிவோடு அடைப்பார்கள். நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தால் கும்பப்பூ நாற்று நட்டுச் சில வாரமே ஆகியிருக்கும். மூழ்கிய இளம்பயிர் சில நாள் தாங்கும், அதற்கு மேல் அழுகிவிடும். அழுகினால் மறுபடி நாற்றங்கால் போட வேண்டும். அம்பை 16 போன்ற குறுகிய கால ரகம் விதையிலிருந்து அறுவடைவரை சுமார் நான்கு மாதம் எடுக்கும். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.பி.எஸ். 5 ரகமும் ஏறக்குறைய அப்படித்தான். டிசம்பர் முதல் வாரத்தில் விதைத்தால் மார்ச் கடைசி. தண்ணீரோ பிப்ரவரியோடு நிற்கிறது. கதிர் பால்பிடிக்கிற நேரத்தில் மடை காய்ந்து போகும்.

இந்த இடைவெளியை ஒரு தனி விவசாயியால் நிரப்ப முடியாது. அணையை ஒரு மாதம் கூடுதலாகத் திறந்து வைக்கச் சொல்லி நீர்வளத்துறையிடம் கேட்க ஏலா முழுவதும் ஒரே தேதியில் நட்டிருக்க வேண்டும். பத்துப் பேர் டிசம்பரில் நட்டு, பத்துப் பேர் ஜனவரியில் நட்டு, மீதிப் பேர் தரிசாகப் போட்டால் யார் கணக்குக்குத் தண்ணீர் விடுவது? பூச்சியும் எலியும் குருவியும்கூட இதில் கணக்குப் பார்க்கும். சுற்றிலும் அறுவடை முடிந்த வெளியில் ஒரு வயல் மட்டும் பச்சையாக நின்றால் எல்லாம் அங்கேதான் இறங்கும். நாற்றும் அப்படியே. மேட்டு வயல் வைத்திருப்பவர் நாற்றங்காலைப் பெரிதாகப் போட்டு, மூழ்கிப்போன பள்ளத்து வயல்காரருக்கும் நாற்று கொடுத்தால் இரண்டு மூன்று வாரம் மிச்சமாகும். அந்த மூன்று வாரம்தான் அறுவடைக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் நிற்பது.

நடுவதற்கு முன்னால் உடைப்பை அடைக்க வேண்டும். குளக்கரை உடைந்த இடத்தில் தென்னந்தடியை ஊன்றி, மணல் மூட்டை அடுக்கி, மண் போட்டு மிதித்துக் கெட்டியாக்குவது ஊரார் காலகாலமாகத் தெரிந்துவைத்திருக்கிற வேலை. இப்போது ஜே.சி.பி. வந்து ஒரு நாளில் முடித்துவிடுகிறது, நல்லதுதான். ஆனால் உடைப்பு எங்கே வரும் என்பதை அறிந்தவர், நண்டு துளைத்த இடத்தையும் மரவேர் கரைக்குள் ஓடியதையும் மழைக்கு முன்பே பார்த்துச் சொல்லக்கூடியவர், வயலுக்குத் தினமும் போகிறவர்தான். நெல் விட்டுப்போன ஊரில் அந்தக் கண்ணும் போய்விடுகிறது. குடிமராமத்து என்ற பெயரில் 2017இல் அரசு மறுபடி தொடங்கிய திட்டம் இந்த எண்ணத்தில்தான் வந்தது. தூர் வாருவதை மட்டும் கணக்கெடுத்து, கரையை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்வதற்கு யாரையும் பொறுப்பாக்காமல் விட்டது அதன் பெரிய குறை என்பது என் கருத்து.

வாழைக்குக் காலம் வேறு. ஏத்தன் (நேந்திரன்) நட்டால் குலை வெட்ட சுமார் பத்து மாதம். ஓண விற்பனையைக் குறிவைத்து நடுகிறவர்கள் அதற்கேற்ப முந்தைய ஆண்டு இறுதியில் நடுவார்கள். குலை தள்ளிய வாழை காற்றில் ஒடிந்தால் அது திரும்பி வராது, தேங்கிய நீரில் வேர் அழுகினாலும் அதே கதி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைக்கும் இதே நிலைதான். இதில் உள்ள சிக்கல் பயிரைவிட நிலத்தில் இருக்கிறது. வாழை போடுகிறவர்களில் பெரும்பகுதியினர் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தவர்கள். எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். பாட்டப் பணத்தை முன்கூட்டியே கொடுத்திருப்பார், கன்று, உரம், முட்டுக்கம்பு எல்லாம் கடன். வெள்ளம் வந்த பிறகு கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது பட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கும். யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கான அடங்கலில் பாட்டக்காரர் பெயர் ஏறியிருந்தால்தான் காப்பீடும் நிவாரணமும் அவருக்கு வரும். பெயர் ஏற்றினால் நாளைக்கு நிலத்தில் உரிமை கேட்பாரோ என்ற பயத்தில் உடைமைக்காரர் சம்மதிப்பதில்லை. நல்ல மனம் உள்ள நிலத்துக்காரர் பணம் வந்ததும் கொடுத்துவிடுவார். அந்த நல்ல மனத்தை நம்பித்தான் பல குடும்பங்கள் இருக்கின்றன, இது மாற வேண்டும்.

அரசு விதியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பேரிடர் நிவாரண நிதியில் பயிர்ச்சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் உதவி. 2015வரை அது 50 சதவீதமாக இருந்தது. 2022இல் திருத்திய விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், நீண்டகாலப் பயிருக்கு 22,500 ரூபாய், அதிகபட்சம் 2 ஹெக்டேர்வரை. மாநில அரசு தன் பங்காகக் கூட்டித் தரலாம், தந்தும் இருக்கிறது. நெல்லுக்கு இந்தத் தொகை அடுத்த நடவின் செலவில் ஒரு பகுதியையாவது தாங்கும்.

ரப்பருக்கு? ஹெக்டேருக்கு 22,500 என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 9,000 ரூபாய். ஒரு ஏக்கரில் 180 முதல் 200 மரம் நிற்கும். அவை சாய்ந்தால் வேரோடு அகற்றி, குழி வெட்டி, கன்று நட்டு, பால் வெட்டும் பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும். சுமார் ஏழு ஆண்டு. ஒக்கியில் மரத்தை இழந்து 2018இல் கன்று நட்டவர் 2025வாக்கில்தான் கத்தியை எடுத்திருப்பார். அதற்குள் 2021ம் வந்து போனது, 2023ம் வந்து போனது. மீட்சி என்று நாம் சொல்வது இவர் விஷயத்தில் அடுத்த அடி விழுவதற்கு முன்னால் முடிவதே இல்லை.

மரத்தின் சொந்தக்காரராவது விழுந்த மரத்தைத் தடிக்கு விற்றுக் கொஞ்சம் பணம் பார்ப்பார். பால்வெட்டுத் தொழிலாளிக்கு அதுவும் கிடையாது. விடியற்காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு நானூறு மரம் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, ஒட்டுப்பாலையும் பிரித்தெடுத்து வாழ்கிறவர் அவர். தோட்டம் போனால் அவர் பெயரில் எந்தப் பதிவிலும் சேதம் இல்லை. ஒரு வெள்ளம் வந்து போன பிறகு ஊரில் யார் பசியாக இருக்கிறார்கள் என்று கேட்டால், நிலம் இழந்தவர் பட்டியலில் அந்தப் பதில் இருக்காது. தேனீ வளர்ப்பவர்களும் அப்படித்தான். ரப்பர் இலை உதிர்ந்து ஜனவரிக்கு மேல் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் மதுவைத்தான் மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேனீக்கள் எடுக்கின்றன. நவம்பரில் மரம் சாய்ந்தால் அடுத்த தேன் பருவம் மெலிந்துவிடும். அங்கே தேனீ வளர்ப்போருக்கு 1937 முதல் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பெட்டிகளை மரம் தப்பித்த பகுதிக்கு மாற்ற ஒருவருக்கொருவர் இடம் கொடுப்பது இப்படிப்பட்ட சங்கம் இருக்கிற இடத்தில்தான் நடக்கும். பால்வெட்டுக்காரருக்கு அதற்கு நிகரான அமைப்பு பெரும்பாலும் இல்லை.

அந்த ஏழு ஆண்டை எப்படிக் கடப்பது என்பதற்கு வழியே இல்லாமல் இல்லை. புதுக்கன்று நிழல் பரப்பும்வரை, முதல் மூன்று நான்கு ஆண்டு, இடையில் வாழையோ அன்னாசியோ போடலாம். தோட்டக்காரர் அந்த ஊடுபயிரை வெளியூர்க் குத்தகைக்குவிடாமல், வேலை இழந்த பால்வெட்டுக்காரர்களின் சுய உதவிக் குழுவுக்குக் கொடுத்தால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் இதை முன்னின்று செய்ய முடியும்.

கடற்கரையில் ஏழு என்ற அதே எண் இன்னும் கொடுமையான உருவில் வந்தது. ஒக்கி வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் பலநாள் தங்கலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. திரும்பாதவரைத் தேட ஊரார் தங்கள் படகுகளிலேயே கடலுக்குள் போனார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர் இறந்ததாகக் கருதப்பட சட்டப்படி ஏழு ஆண்டு செல்ல வேண்டும். உடல் கிடைக்காத வீட்டுப் பெண்ணுக்கு அதுவரை இறப்புச் சான்றும் இல்லை, உதவியும் இல்லை. கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளும் மீனவர் அமைப்புகளும் பெயர் பெயராகப் பட்டியல் எழுதி விடாமல் நின்றதால்தான், அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி 20 லட்ச ரூபாய் நிவாரணத்தைக் காணாமல் போனவர் குடும்பங்களுக்கும் கொடுத்தது. உள்நாட்டு ஊர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பட்டியலை. யார் யார் போனார், எந்தப் படகில் போனார் என்று ஊரே எழுதி வைத்திருந்தது. பாட்டக்காரருக்கும் பால்வெட்டுக்காரருக்கும் அப்படி ஒரு ஏடு எந்த ஊரில் இருக்கிறது?

இந்த மாவட்டத்தில் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. கத்தோலிக்கரின் பங்குப் பேரவையும் அன்பியமும் உண்டு, மற்றக் கிறிஸ்தவர்களின் சபை உண்டு, ஊர் நிர்வாகமான ஊர்வகை உண்டு, அய்யாவழியினரின் நிழல்தாங்கல் உண்டு, முஸ்லிம்களின் ஜமாஅத் உண்டு. ஒவ்வொன்றும் தன் மக்களை நன்றாகக் கவனிக்கிறது. ஆனால் 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து–கிறிஸ்தவக் கலவரத்தை மறக்காத மாவட்டம் இது. ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தின் மண்டபத்தில் போய் உதவி கேட்கத் தயங்குவது இன்னும் இருக்கிறது. குளத்துத் தொடரோ இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. மேல்குளம் ஒரு சமூகத்தின் தெருவிலும் கீழ்க்குளம் இன்னொரு சமூகத்தின் தெருவிலும் இருக்கும். மறுகால் எப்போது திறக்க வேண்டும் என்பதை இரண்டு தெருவும் சேர்ந்து முடிவு செய்யாவிட்டால் இரண்டும் மூழ்கும். தண்ணீர்ப் பாசனச் சங்கம் போன்று குளத்தையும் கால்வாயையும் மட்டுமே அடிப்படையாகக் கொண்ட அமைப்புகள் இங்கே ஏன் முக்கியம் என்றால், அவற்றில் உறுப்பினராவதற்கு வயல் இருந்தால் போதும்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத இன்னொரு சங்கடமும் உண்டு. வயலும் தோப்புமாக இருக்கும் ஊர்கள் பல இங்கே கணக்கில் பேரூராட்சிகள். மாவட்டத்தில் அவை சுமார் 50. வாழ்க்கை கிராமத்து வாழ்க்கை, பதிவு நகரத்துப் பதிவு. ஊராட்சியில் உள்ளவருக்கு இருந்த நூறு நாள் வேலை பேரூராட்சியில் உள்ளவருக்கு இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு கால்வாய்க் கரையைக் கட்டும் வேலையைக் கூலியோடு செய்ய ஒரு கரைக்காரருக்கு வழி இருந்தது, எதிர்க்கரைக்காரருக்கு இல்லை. கிராம சபையும் அப்படியே.

கிராம சபை உள்ள ஊர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய சபையின் ஒரு கூட்டம் அக்டோபர் 2 அன்று வருகிறது, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில வாரம் முன்னால். அன்றைய தீர்மானத்தில் மூன்று விஷயங்களை எழுதி வைக்கலாம்: ஊரின் ஒவ்வொரு மறுகாலுக்கும் பலகையை எடுக்கும் பொறுப்பு யாருடையது, கரையில் பலவீனமான இடங்கள் எவை, அந்த ஆண்டு பாட்டத்துக்குப் பயிர் வைத்தவர்களும் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களும் யார் யார். பேரூராட்சிகளில் இதே பட்டியலைப் பகுதி சபையில் வைக்கலாம். வருவாய்த்துறை கணக்கெடுக்க வரும்போது அதன் நகல் ஒன்று கிராம நிர்வாக அலுவலர் கையிலும், ஒன்று வேளாண்மை உதவி அலுவலர் கையிலும் ஏற்கெனவே இருக்க வேண்டும்.